வெளிச்சம் போவதற்குள்

செப்டம்பர் 3. தண்டர் பே.

லியோனியின் லைஃப் ஜாக்கெட்டில் என் துப்பட்டாவின் ஒரு முனையை முடிந்து, மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். பிரிட்டோ பார்த்துவிட்டு, "ஆட்டுக்குட்டியா அது? படகு இன்னும் கரையிலதான நிக்கி," என்றார். நின்றால் என்ன. படகுக்கும் அதைக் கட்டியிருக்கிற ஜெட்டி மேடைக்கும் நடுவே மூன்று வயதுப் பிள்ளை விழுகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. கீழே தண்ணீர் கறுப்பு.

படகின் பெயர் 'லேடி ஜூன்'. முப்பத்தெட்டு அடி நீளம், இரண்டு டீசல் என்ஜின், ஒரு படுக்கையறை, நான் திரும்பினால் முழங்கை இடிக்கிற அடுப்படி. பிரிட்டோ வேலை பார்க்கும் படகுப் பட்டறையின் முதலாளி இதை இங்கே யாரிடமோ வாங்கியிருக்கிறார். பல வருடம் கொட்டகைக்குள் கிடந்த படகு. டொராண்டோவுக்குக் கொண்டு போக வேண்டும். சுப்பீரியர், ஹூரான், ஈரி, கடைசியில் எங்கள் ஊர் ஒன்டாரியோ. நான்கு ஏரி. ஏரி என்றுதான் பெயர், மறுகரை தெரிவதில்லை. லாரியில் ஏற்றிவிடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பிரிட்டோதான், "தண்ணியிலயே கொண்டாந்திருதேன், குடும்பத்தையும் கூட்டிக்கிடுதேன்," என்றிருக்கிறார். முதலாளியிடம் கேட்டவர் என்னிடம் கேட்கவில்லை.

எமல்டா மதினியும் வருகிறார். பிரிட்டோவின் அக்கா. ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவர். நைட்டிக்கு மேல் தம்பியின் பழைய ஸ்வெட்டர், தலையில் கம்பளித் தொப்பி. இந்தக் கோலத்துக்குப் பெட்டி நிறைய சேலை எதற்கு என்று தெரியவில்லை. அடியில் ஓர் அரக்குப் பட்டு வேறு.

"பட்டு எதுக்கு மதினி?"

"டொராண்டோல எறங்கும்போது கட்டுவேன். கப்பல்ல வந்து எறங்குதவ நைட்டியோடயா எறங்குவா?"

பிறகு குனிந்து ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தார். துப்பினார். "சப்புன்னு இருக்கு. உப்புப் போடாத கஞ்சி. இதப் போயி கடல் மாதிரிங்கியான் இவன்."

சாப்பிடும்போது, நாளைக்குப் போகிற ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினார்கள். மதினி என் தட்டில் ஒரு மீன் துண்டை வைத்து, "சாப்பிடு பிள்ள," என்றார்.

பிரிட்டோ அப்புறம் மேல்தட்டில் வைத்துச் சொன்னார். "அக்கா முன்னால அதக் கேக்காத. தண்ணிக்குப் போறவன்ட்ட எப்ப வருவ, எப்ப போய்ச் சேருவன்னு கேக்கப்படாது. எங்க வீட்டுல கேக்கவும் மாட்டோம், யார்ட்டயும் சொல்லவும் மாட்டோம்."

"இது ஏரிதானங்க."

"தண்ணிதான?"

நான் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு வந்து படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாளை எதற்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 5

பனிமூட்டம். காலையில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் படகின் மூக்கே மறைந்துவிட்டது. பிரிட்டோ ரேடார் திரையில் தெரிகிற பச்சைப் புள்ளிகளைப் பார்த்து ஓட்டினார். மதினி முன்பக்கம் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே வந்தார். படகில் ஊதல் இருக்கிறது. "அது எவன் காதுல விழும்? இது விழும்," என்றார். லியோனிக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. அவளும் ஒரு கரண்டி கேட்டாள்.

நான் கீழே உட்கார்ந்து, விழுந்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் மாதிரி. பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று எங்கோ படித்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

செப்டம்பர் 6

இன்று ஒன்றும் நடக்கவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 9. சூ என்கிற ஊர்.

சுப்பீரியர் முடிந்தது. எல்லோரும் பயமுறுத்திய ஏரி கண்ணாடிபோலக் கிடந்து எங்களை அனுப்பிவிட்டது. அதைவிடத் தாழ்ந்திருக்கிற ஹூரானுக்கு இறங்க ஒரு பெரிய தொட்டிக்குள் படகை விட்டுக் கதவை மூடித் தண்ணீரை வடித்தார்கள். இருபக்கமும் ஈரச் சுவர் உயர்ந்துகொண்டே போனது. லியோனி, "அம்மா, நம்ம கிணத்துக்குள்ள போறமா?" என்றாள். மதினி சிலுவை போட்டுக்கொண்டார்.

பிரிட்டோ கையில் பிடித்துப் பேசுகிற சின்ன ரேடியோவை லியோனி பொம்மையாக்கிவிட்டாள். அதில் தூத்துக்குடிக்குப் பேசுகிறாளாம். "ஹலோ, சாப்ட்டாச்சா, ஓவர்." பிடுங்கினால் அழுகிறாள். பெரிய ரேடியோதான் இருக்கிறதே என்று பிரிட்டோ விட்டுவிட்டார்.

செப்டம்பர் 12. மேனிட்டூலின் தீவு.

தீவின் மேற்கு முனையில் ஒரு சின்ன ஊர். ஒரு ஜெட்டி, ஒரு டீசல் பம்பு, ஒரு கடை. மூன்றையும் பார்த்துக்கொள்வது டோரத்தி என்கிற வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும். மதினியும் அவளும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் சிநேகிதமாகிவிட்டார்கள். டோரத்தி வெள்ளை மீன் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தாள். மதினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. கத்தியை வாங்கி, குடலை ஒரே இழுப்பில் எடுத்து, செதிலைப் பறக்கவிட்டு, துண்டு போட்டுக் கொடுத்தார். டோரத்தி கைதட்டினாள். "ஒரு மீனக் கொன்னுட்டு, இவ்வளவு நேரமா அத வதைக்கது," என்று மதினி தமிழிலேயே அவளிடம் சொன்னார். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

இங்கிருந்து தீவின் தென்கரையோரமாகக் கிழக்கே போக வேண்டும். அந்தக் கரையில் ஊர் கிடையாது, சிக்னல் கிடையாது. நடுவில் ஆள் இல்லாத தீவுகள். முடிவில் டோபர்மரி என்ற ஊர். ஒரு பகல் ஓட்டம்.

டீசல் போடும்போது டோரத்தி பிரிட்டோவிடம், எப்போது கிளம்புகிறீர்கள், எப்போது போய்ச் சேருவீர்கள், சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுவீர்களா என்று கேட்டாள். இங்கே எல்லாப் படகுக்காரர்களும் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். பிரிட்டோ சிரித்து, காற்றைப் பொறுத்தது என்றார். அவள் விடவில்லை. பார்ப்போம் என்றார். பக்கத்தில் நின்ற மதினி திரும்பிக்கொண்டு மீன்வாளியைக் கழுவினார்.

செப்டம்பர் 13

காற்றுக்காகக் காத்திருக்கிறோம். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் மேற்கே இருந்து காற்று ஏறும் என்று ரேடியோ சொல்கிறது. பிரிட்டோ அதற்கு முன் போய்விடலாம் என்கிறார். "கச்சான் எறங்க எறங்க நாம முன்னால ஓடிருவோம். முதுகுல காத்து. நல்லதுதான்." கச்சான் என்றால் அவர்கள் ஊரில் மேல்காற்று.

யாமினிக்கு ஒரு செய்தி அனுப்பப்போகிறேன். யாமினி எங்கள் மாடிக்கு நேர் கீழே இருப்பவள், காரைக்குடிக்காரி. எங்கே போகிறோம், எப்போது சேருவோம், சேரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் டைப் பண்ணியாயிற்று. காலையில் கிளம்பும்போது அனுப்பினால் நேரமும் சரியாகச் சொல்லலாம். பிரிட்டோவுக்குத் தெரிய வேண்டாம். மதினிக்குத் தெரியவே வேண்டாம். இதிலென்ன இருக்கிறது? ஒரு செய்தியால் காற்று மாறுமா?

செப்டம்பர் 14. விடியற்காலை, ஜெட்டியில்.

என்ஜின் சூடாகிக்கொண்டிருக்கிறது. வானத்தில் மீன் செதில்போல மேகம்.

மதினி ஜெட்டியில் நின்று தூத்துக்குடியில் இருக்கும் மகள் ஜாஸ்பருக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். ஜாஸ்பர் அங்கே நர்ஸ். படகைக் காட்டினார், மீன் தொட்டியைக் காட்டினார், கடைசியில் டோரத்தியைக் காட்டுகிறேன் என்று போனை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டி, கடைக்குள்ளேயே கூட்டிப் போய்விட்டார். தன் மகள் இங்கிலீஷ் பேசுவதை ஊருக்கு ஊர் காட்டாமல் இருக்க மாட்டார். சத்தம் வெளியே கேட்கிறது. பிரிட்டோ, "யக்கா, வா, நேரமாச்சு," என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

யாமினிக்கு அனுப்ப முடியவில்லை. சிக்னல் இல்லை.

செப்டம்பர் 14. எத்தனை மணி என்று பார்க்கவில்லை.

பென்சிலால் எழுதுகிறேன். பேனா உருண்டு போய்விட்டது. மதினி லியோனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எழுதினால் வாந்தி வருவது குறைகிறது, அதனால்தான்.

இரண்டு என்ஜினும் நின்றுவிட்டன.

பிரிட்டோ முன்னால் இருக்கிறார். நான் போகக்கூடாது என்கிறார்.

லியோனியின் ஜாக்கெட்டில் மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதினேன். எழுதும்போது மதினி என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையையும் நீட்டினார். "எனக்கும் எழுது."

செப்டம்பர் 16

கரையில் இருக்கிறேன். டோரத்தியின் கடைக்கு மேலே ஓர் அறை. லியோனி தூங்குகிறாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துப் பார்த்து எழுதுவதால் இது நேராக வராது.

அன்றைக்குக் காற்று சொன்ன நேரத்துக்கு வரவில்லை. முன்பே வந்துவிட்டது. மத்தியானம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஏரியின் நிறம் மாறியது, ஈயம் மாதிரி. அப்புறம் ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டது. தட்டு, ரொட்டி, நான், எல்லாம் ஒரே பக்கம்.

பிரிட்டோ முதலில் பயப்படவில்லை. கடலில் வளர்ந்தவர். அலையைப் பின்னால் வாங்கி ஓட்டினால் போதும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "என்னங்க?" என்றேன். "கடல்ல ஒரு அலை வந்தா அடுத்தது வர நேரம் குடுக்கும். படகு மூச்சு வாங்கிக்கிடும். இது குடுக்க மாட்டேங்கி," என்றார். உப்பில்லாத தண்ணீர், அகலம் குறைந்த ஏரி, அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இதற்குச் சமன்பாடு இருக்கிறது. நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஞாபகம் வந்தது என்பதே அசிங்கமாக இருந்தது.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். திருப்பினால் பக்கவாட்டில் அடிக்கும் என்றார். ஆளில்லாத தீவு ஒன்று முன்னால் இருக்கிறது, வாத்துத் தீவாம், அதன் மறைவுக்குப் போய்விட்டால் தப்பித்தோம் என்றார். தீவு தெரிந்தது. தெரிந்த பிறகுதான் வலப்பக்க என்ஜின் இருமியது.

பல வருடம் ஆடாமல் கிடந்த டீசல் டாங்க். அடியில் படிந்திருந்த கசடு எல்லாம் அன்றைக்கு ஆட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டது. பிரிட்டோ ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி ஃபில்டரை மாற்றினார். ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி மாற்றினார். பிறகு மாற்ற ஃபில்டர் இல்லை. இடப்பக்க என்ஜினும் நின்றது. என்ஜின் சத்தம் போன பிறகு காற்றின் சத்தம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

அப்போது பக்கவாட்டில் திரும்பிவிட்ட படகின் மேல் ஓர் அலை ஏறி, பின்கதவின் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தது. முழங்கால் வரை தண்ணீர். பாட்டரிகள் இருந்த இடம் மூழ்கியது. விளக்குகள் அணைந்தன. திரை அணைந்தது. பெரிய ரேடியோ அணைந்தது.

சின்ன ரேடியோவை எடுத்தார். ஆபத்து என்று கூப்பிடுகிற "மேடே"யை மூன்று தடவை சொன்னார். படகின் பெயரைச் சொல்லும்போதே சிவப்பு விளக்கு மினுங்கி அதுவும் போய்விட்டது. லியோனி, "அப்பா, ஓவர் சொல்லணும்," என்றாள். பிரிட்டோ அவளைத் திட்டவில்லை. "ஆமா மக்களே, மறந்துட்டேன்," என்றார்.

அவர் நங்கூரத்தைப் போட்டார். சங்கிலி முழுவதும், அதற்குப் பின்னால் இருந்த கயிறு முழுவதும். எங்கோ பாறையில் பிடித்து, படகு மூக்கை அலைக்குத் திருப்பி நின்றது. பின்னால் தீவின் கல்கரை தெரிந்தது. அலை அதில் விழுந்து வெள்ளையாக எழும்பியது. கயிறு அறுந்தால் அங்கேதான் போவோம். அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கயிறு மூக்கில் உரசுகிற இடத்தில் நார் நாராகப் பிரிகிறது என்று பிரிட்டோ கத்தினார். துணி கேட்டார். நான் போர்வையை இழுத்தேன். மதினி, "அது நனைஞ்சா வழுக்கி விட்டுரும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். பருத்திச் சேலை ஒவ்வொன்றாக. நான் தவழ்ந்து போய்க் கொடுப்பேன், அவர் கயிற்றில் சுற்றுவார், அது கிழியும், அடுத்தது. என் துப்பட்டாவும் போனது. லியோனியை மதினி தன் நைட்டியின் உள்ளே போட்டு, ஸ்வெட்டரை மேலே இழுத்துவிட்டிருந்தார். நைட்டியின் கழுத்து வழியாகப் பிள்ளையின் தலை மட்டும் தெரிந்தது.

இருட்டத் தொடங்கும்போது பிரிட்டோ ஆபத்துக்கு விடுகிற சிவப்பு வெடியை ஆகாயத்தில் விட்டார். மேகத்துக்குள் போய் மறைந்தது. இன்னொன்று விட்டார். மிச்சத்தை வைத்துக்கொண்டார். "எவனாவது பாக்கணும்லா. யாரும் இல்லாத எடத்துல விட்டு என்ன செய்ய?" என்றார். அப்போதுதான் என்னால் அடக்க முடியாமல் போனது.

"யாருக்கும் தெரியாது," என்றேன். "நம்ம இங்க இருக்கோம்னு ஒரு உயிருக்குத் தெரியாது. அந்த அம்மா கேட்டாங்க. வாயத் தொறந்து ஒரு நேரம் சொல்லிருந்தா என்ன? உங்க வீட்டுச் சாஸ்திரத்துக்கு என் பிள்ள சாகணுமா?"

அவர் தண்ணீர் சொட்டுகிற முகத்தோடு அக்காவைத்தான் பார்த்தார். பிறகு முன்னால் போய்விட்டார்.

நானும் மதினியும் லியோனியும் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, கால்களை உதைத்து உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. மதினிதான் பேசினார். லியோனியின் தலையைத் தடவிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதை சொல்வதுபோல.

"எங்க அவுக போன அன்னைக்கும் நான் கேக்கல. சோத்துவாளியக் கையில குடுத்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அப்படித்தான் செய்யணும். மத்த போட்டெல்லாம் வந்துட்டு. அவுகள மட்டும் காணல. வேற தொறையில ஏறிருப்பாகன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். எப்ப வாரேன்னு சொல்லாமப் போனவன, பிந்திட்டான்னு யாரு சொல்லுவா? தேடவே நாலஞ்சு நாளாச்சு. என்ஜின் நின்னு, நீவாடு இழுத்த இழுப்புல போயிருக்கு. போட்டு முழுசா கெடச்சுது பிள்ள. ஒரு ஓட்ட கெடயாது. அவுகளும் அதுலயே இருந்தாக. தண்ணி இல்லாம. டாக்டரு சொன்னாரு, முந்தின நாள் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு."

படகு எழும்பி விழுந்தது. சங்கிலி இழுபட்டு எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். விடவில்லை.

"பொறவும் ஏன் மதினி..." என்றேன். "பொறவும் ஏன் அதையே பிடிச்சுக்கிட்டு?"

"விட்டுட்டா என்ன அர்த்தம்? நான் கேட்டிருக்கலாம்னுதான அர்த்தம்?"

அவ்வளவுதான் சொன்னார். லியோனி, "அத்த, உங்க வயிறு சத்தம் போடுது," என்றாள். "பசிக்கி," என்றார் மதினி. "உங்கப்பன் இன்னும் சோறு போடல."

கொஞ்ச நேரம் கழித்துப் பிரிட்டோ கதவில் வந்து நின்றார். துணி தீர்ந்துவிட்டது, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்றார். குரலே இல்லை. மதினி பெட்டியின் அடியிலிருந்து அரக்குப் பட்டை எடுத்துத் தூக்கிப் போட்டார்.

"யக்கா, இதயா?"

"ஏல, சுத்து. பட்டு அறாது."

அறவில்லை. விடியும்போது காற்று இறங்கியிருந்தது. பட்டு கயிற்றோடு ஒட்டிக் கறுத்துப்போய்க் கிடந்தது. நான் லியோனியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உதடு நீலம் பாரித்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். அழவில்லை. அவள் அழாததைப்போல ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அப்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பிரிட்டோ மிச்சம் வைத்திருந்த வெடியை விட்டார்.

செப்டம்பர் 17

லியோனி இரண்டு கிண்ணம் ஓட்ஸ் சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கோஸ்ட் கார்டு ஆட்கள் 'லேடி ஜூன்'ஐ இழுத்து வந்து இதே ஜெட்டியில் கட்டியிருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் வந்து பிரிட்டோவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, "உங்கள் வேளை நல்ல வேளை. அன்றைக்குப் பொழுது சாய்ந்ததுமே எங்களுக்குத் தகவல் வந்துவிட்டது. காற்று விடாததால்தான் ஹெலிகாப்டரை எடுக்க விடியும்வரை ஆயிற்று. எங்கே தேட வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருந்தது," என்றார்.

பிரிட்டோ என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. நான்தான் யாருக்கோ சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டோரத்தி அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, நானில்லை, உங்கள் அக்காதான் என்றாள்.

அன்றைக்கு விடியற்காலையில் மதினி போனை நீட்டிக்கொண்டு கடைக்குள் போனாரே, பெருமைக்கு அல்ல. ஜாஸ்பர் அந்தப் பக்கம் இங்கிலீஷில் சொல்ல, இவர் இந்தப் பக்கம் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். தீவின் தென்கரையோரமாகப் போகிறோம். டோபர்மரிக்குப் போகிறோம். வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடுவோம். சேர்ந்ததும் ஜாஸ்பர் உங்களைக் கூப்பிடுவாள். வெளிச்சம் போவதற்குள் கூப்பிடவில்லையென்றால் உடனே ஆட்களை அனுப்ப வேண்டும், காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இதை டோரத்தியைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல. கடைசியில் டோரத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாராம், அது மட்டும் ஜாஸ்பர் மொழிபெயர்க்கவில்லையாம், அழுதாளாம்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து டோரத்தி ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சூரியன் மரத்துக்குப் பின்னால் போனதும் போனை எடுத்துவிட்டாள்.

மதினி மூலையில் உட்கார்ந்து லியோனிக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் எதைப் பற்றிப் பேச்சு என்று புரிந்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை.

பிரிட்டோ அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். "யக்கா, நீயா சொன்ன?"

"பின்ன? நீ சொன்னியாக்கும்."

"அந்த ராத்திரி எங்ககிட்டயாவது சொல்லிருக்கலாம்ல. இவ எவ்வளவு பயந்தா."

"வாயத் தொறந்தா பலிக்காமப் போயிருமோன்னு இருந்துச்சுல," என்றார் மதினி. உரித்த முட்டையைப் பிள்ளை கையில் கொடுத்தார். அடுத்த முட்டையை எடுத்துத் தட்டினார்.

பிரிட்டோ அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டார். "ஏல, எந்திரி, டீசல் நாத்தம்," என்று தள்ளினார். அவர் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 18

யாமினி போன் பண்ணினாள். "என்னப்பா, எங்க போறீங்கன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டாள். சிக்னல் இல்லை என்றேன்.

அன்றைக்கு அதே ஜெட்டியில் நின்று வீடியோ கால் பேசிய மதினி பக்கத்தில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலைவாரி விடவா என்று கேட்டார். உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 23

முதலாளி ஒரு மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறார். டாங்க் கழுவி, பாட்டரி மாற்றி, கண்ணாடி போட்டாயிற்று. டோபர்மரிவரை பிரிட்டோவும் அந்த ஆளும் மட்டும் நாளைக்குப் படகில் வருவார்கள். நாங்கள் காரில் போய்ப் பெரிய ஃபெர்ரியில் கடந்து அங்கே காத்திருப்போம். அதற்குப் பிறகு ஏரி போதும், லாரிதான். இதைப் பிரிட்டோவே சொன்னார்.

டோரத்தியின் தம்பி கார் கொண்டுவந்தார். பெட்டியை ஏற்றினோம். மதினியின் பெட்டியில் கனமே இல்லை. பிரிட்டோ ஜெட்டியில் நின்றார். வழக்கம்போல மதினி அவரைப் பார்க்காமல் காரில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். எனக்கும் கேட்கத் தோன்றியது. கேட்காமல் லியோனிக்கு பெல்ட்டை மாட்டினேன். படித்தவள்.

கார் நகர்ந்ததும் மதினி, "நிப்பாட்டச் சொல்லு," என்றார். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் தட்டினார். நான் இறக்கிவிட்டேன்.

"ஏல பிரிட்டோ."

"என்னக்கா?"

ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வருவ?"

பிரிட்டோவின் கையில் இருந்த கயிறு தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்கக் குனியவில்லை.

"நாளைக்கு," என்றார். "வெளிச்சம் போறதுக்குள்ள வந்திருதேன்."

"சரி," என்றார் மதினி. என்னிடம், "மூடு, குளிருது," என்றார்.

செப்டம்பர் 24. டோபர்மரி.

மத்தியானத்திலிருந்து ஜெட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். காற்று இல்லை. காற்று இல்லாததையும் இனி நான் நம்ப மாட்டேன். லியோனியின் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, கரையில்தான் இருக்கிறோம் என்றாலும். மதினி மடியில் போன். கோஸ்ட் கார்டு நம்பரை ஜாஸ்பர் அதில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கட்டைவிரல் அதன் மேலேயே இருக்கிறது.

சூரியன் மரங்களைத் தொட்டுவிட்டது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். எழுத எழுத எழுத்து மங்குகிறது.

"மதினி, கூப்பிட்டுருவோமா?"

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கெடக்கு."

லியோனிதான் பார்த்தாள். மேற்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அது படகாகும்போது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மூக்கில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கயிறு உரசுகிற இடத்தில் பட்டின் மிச்சத்தை அவர் கழற்றவில்லை போலிருக்கிறது.

மதினி எழுந்திருக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லிட்டுப் போனவன் பிந்திட்டான்," என்றார்.